துணையின்றி வீட்டில் பிரசவம்: இரத்தப்போக்கிற்கு எப்படி ஆயத்தமாவது?

யாருடைய உதவியுமின்றி வீட்டில் பிரசவிக்க எண்ணுபவர் அதன்பின் வரும் இரத்தப்போக்கிற்கு எப்படி ஆயத்தமாகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2018இல் திருப்பூரில் மருத்துவ உதவியின்றி வீட்டில் பிரசவித்த பெண் இரத்தப்போக்கால் இறந்ததை எண்ணி, இந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறேன்.

நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு கருப்பை கல்போல் இறுகாமல் தளர்ந்திருப்பதே இரத்தப்போக்கிற்குப் பெரும்பாலும் காரணம். அதைத் தடுக்கும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியைக் குளிரில் பாதுகாத்து, பயிற்சி பெற்றவரே போட வேண்டும். இரத்தசோகை உள்ளவருக்குக் குறைந்த இழப்பும் ஆபத்தாகும் என்பதால், ஹீமோகுளோபினையும் இரத்தவகையையும் முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராமல் வீட்டிலேயே பிறந்துவிட்டால், இரத்தம் 500 மி.லி.யை எட்டும்வரை காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை தாயைப் படுக்கவைத்து, நஞ்சுக்கொடி வெளிவந்திருந்தால் தொப்புளுக்குக் கீழே கருப்பையை உறுதியாகத் தேய்த்துவிட்டு, குழந்தைக்குப் பாலூட்டச் செய்யுங்கள். தொப்புள்கொடியை மட்டும் ஒருபோதும் இழுக்காதீர்கள்.