பழைய காருக்குச் சரியான கியர்பாக்ஸ் மவுண்ட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1960களின் கார் ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள். காரின் பெயரையும் ஆண்டையும் சொல்லி இரண்டு முறை கியர்பாக்ஸ் மவுண்ட், அதாவது கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிமானம், வரவழைத்தீர்கள், இரண்டும் உட்காரவில்லை. விற்றவரோ இதுதான் சரியானது என்று உறுதியாகச் சொல்கிறார். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆண்டுக் காருக்கு உரியதைத்தான் அவர் அனுப்பியிருப்பார். அந்த ஆண்டில் பொருத்திய கியர்பாக்ஸ்தான் இன்றும் உங்கள் காரில் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதை நீங்கள்தான் காரின் அடியில் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இது புரிந்தது 1967ஆம் ஆண்டுச் செவர்லே ஒன்றை எடுத்துச் செய்தபோது. தாள்களின்படி அதில் இருக்க வேண்டியது பவர்கிளைடு என்ற இரண்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பழைய கிராஸ்மெம்பர், அதாவது கியர்பாக்ஸின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டம், துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் அதற்கு உரிய புதியதை வரவழைத்தேன். சேஸிஸில் அது அழகாக உட்கார்ந்தது. ஆனால் கியர்பாக்ஸின் மவுண்ட் இருக்கும் இடம் அந்தச் சட்டத்தைத் தாண்டி ஏறத்தாழ முக்கால் சாண் தூரம் பின்னால் இருந்தது. மறுபடி வேறொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். சட்டத்தை அவர் தொடவே இல்லை. டார்ச்சை கியர்பாக்ஸின் அடியில் இருந்த ஆயில் சம்ப், அதாவது எண்ணெய்த் தட்டு, மீது அடித்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். "பதின்மூன்றுதான் இருக்கிறது தம்பி. பவர்கிளைடு என்றால் பதினான்கு இருக்க வேண்டும். காரின் பிறந்த தேதி வேறு, இந்தப் பெட்டியின் பிறந்த தேதி வேறு" என்றார்.

உள்ளே இருந்தது டர்போ ஹைட்ரமேட்டிக் 400 என்ற மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். பவர்கிளைடில் இன்ஜினோடு சேரும் முகப்பிலிருந்து மவுண்ட் வரை ஏறத்தாழ 20.5 அங்குலம்; 400இல் ஏறத்தாழ 27 அங்குலம். அந்த ஆறரை அங்குலம்தான் என்னை அலைக்கழித்தது. 1969இல் வந்த டர்போ ஹைட்ரமேட்டிக் 350 உள்ளே இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது, ஏனென்றால் குட்டை வால் கொண்ட 350இன் மவுண்ட் கிட்டத்தட்ட பவர்கிளைடின் இடத்திலேயே வருகிறது. இரண்டுமே பதின்மூன்று போல்ட் என்பதால் 350ஐயும் 400ஐயும் எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. சம்ப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 350இன் சம்ப் ஏறக்குறையச் சதுரம், ஒரு மூலை மட்டும் வெட்டியது போல இருக்கும். 400இனுடையது நீண்டு, ஒழுங்கற்ற ஓரங்களோடு இருக்கும். போர்டு கார் என்றால் அதன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் சி4க்குப் பதினொன்று, சி6க்குப் பதினேழு போல்ட். மேனுவல் கியர்பாக்ஸில் பக்க மூடியின் வடிவம், மூடி மேலே இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்பது, உறையில் வார்த்த எண் ஆகியவற்றை வைத்து அடையாளம் காணலாம். அந்த எண் மீது அரை நூற்றாண்டு எண்ணெய்ச் சேறு படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்க்காமல் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்து, சுண்ணக்கட்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும்.

கியர்பாக்ஸ் அசல்தான் என்று உறுதியான பிறகும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். தொழிற்சாலைகள் ஜனவரி முதல் தேதியில் பாகங்களை மாற்றுவதில்லை. ஒரு குறிப்பிட்ட சேஸிஸ் எண்ணிலிருந்து மாற்றுகின்றன. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இலிருந்து அது, முதல் கியருக்குச் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லாத பெட்டியோடு வந்தது. 1967இன் பிற்பகுதியில் நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள பெட்டி வந்தபோது அதற்காகத் தரையின் நடுச்சுரங்கத்தையே அகலமாக்கினார்கள். ஆகவே 1967ஆம் ஆண்டுக் கார் என்று மட்டும் சொன்னால் எந்தப் பெட்டி என்பது தெரியாது. பாகப் பட்டியல் புத்தகத்தில் "இந்தச் சேஸிஸ் எண் வரை", "இந்த எண்ணிலிருந்து" என்று எழுதியிருக்கும் வரியைத்தான் தேட வேண்டும்.

உடலின் வகையும் கணக்கில் வரும். ஒரே பெயர், ஒரே ஆண்டு என்றாலும் திறந்த மேற்கூரை கொண்ட காரில் சேஸிஸ் சட்டம் பெட்டி போல மூடியதாக இருக்கலாம், கூரை உள்ளதில் ஒரு பக்கம் திறந்ததாக இருக்கலாம். அப்படியானால் கிராஸ்மெம்பரின் முனைகள் மாறும். சைலன்ஸர் குழாய் ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். இரட்டைக் குழாய் என்றால் கிராஸ்மெம்பரில் இரண்டு வளைவுகள் வேண்டும்.

அசல் பாகம் தொலைந்தே போயிருந்தால் அது இருந்த இடத்தைப் படியுங்கள். இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யாரும் பொறுமையாகச் செய்யாத பகுதியும்கூட. சேஸிஸை மணல் வீசித் துருவை அகற்ற அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பிறகு தடயம் எதுவும் மிஞ்சாது. கிராஸ்மெம்பர் பல ஆண்டுகள் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் துருவின் நிறம் வேறாக இருக்கும். சில நேரம் தொழிற்சாலையின் கருப்பு வண்ணமே பளபளப்போடு மிஞ்சியிருக்கும், சுற்றிலும் செந்துரு. அந்த நிழலின் அகலம்தான் உங்கள் பழைய சட்டத்தின் பாதத்தின் அகலம். துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் குத்திய துளையின் ஒரு பக்க ஓரம் மழுங்கி உள்நோக்கிச் சரிந்திருக்கும். பிற்காலத்தில் டிரில்லால் போட்ட துளையின் ஓரத்தில் கூர்மை இருக்கும், சில நேரம் பிசிறுகூட நகத்தில் தட்டும். என் செவர்லேயில் பக்கத்துக்கு நான்கு துளைகள் இருந்தன. அவற்றில் இரண்டு டிரில் துளைகள் என்று விரல் சொன்ன பிறகுதான் முன்பு யாரோ செய்த வேலை எனக்குப் புரிந்தது.

அளவெடுக்கும்போது ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முகப்பிலிருந்து மவுண்ட் வரை நீளம், மவுண்டின் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையிலான மையத்தூரம், மவுண்டின் உயரம், சேஸிஸின் உட்பக்க அகலம், போல்ட்டின் மரை. உயரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். துளைகள் பொருந்திவிட்டால் மவுண்ட் பொருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். இன்ஜின் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் இடையே 900 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பின் மவுண்ட் 12 மில்லிமீட்டர் உயர்ந்தால் மொத்த இன்ஜினும் முக்கால் டிகிரி சாய்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டின் இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயிண்டுகளின் (வளைந்து சுழலும் மூட்டுகள்) கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றின் சுழல்வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். பொதுவாக இந்தக் கோணம் ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது. சமம் குலைந்தால் ஷாப்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை அதிர்வு வரும். சக்கரத்தைச் சமன்செய்து, ஷாப்டைச் சமன்செய்து, காரணம் தெரியாமல் அலைந்த பலரின் கார்களில் குற்றவாளி தவறான உயரமுள்ள ஒரு மவுண்ட்தான். பழையதைக் கழற்றும்போது அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். இந்தக் கோணத்துக்காகவே அவை வைக்கப்பட்டிருக்கலாம்.

மரை விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அக்கால அமெரிக்கக் கார்களில் அடிக்கடி வரும் 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அங்குலத்துக்குப் பதினாறு மரை. பத்து மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதைப் போலவே தெரியும். இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் கியர்பாக்ஸின் அலுமினியம் வழித்துக்கொண்டு வரும். கையால் கடைசி வரை திருக முடியாத போல்ட்டை அந்த இடத்தில் ஸ்பேனரால் முடுக்கக் கூடாது.

இனி ரப்பர். அட்டைப்பெட்டி பிரிக்காத பழைய அசல் சரக்கு கிடைத்தால் மனம் துள்ளும், எனக்கும் துள்ளும். இரும்புப் பிடிமானம், கிராஸ்மெம்பர், தோள் வைத்த தனி போல்ட் போன்றவற்றை அப்படி வாங்குங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். அது அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடியே மூப்படைந்து இறுகிவிடுகிறது. உங்கள் காரில் இப்போது இருப்பதையும் பார்வையை வைத்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ஜாக்கியின் மீது மரக்கட்டை வைத்து, கியர்பாக்ஸின் வால் பகுதியில் முட்டுக் கொடுத்து (சம்ப்பில் அல்ல, அது நசுங்கும்) மெதுவாக உயர்த்துங்கள். நான் அப்படி உயர்த்தியபோது, முழுசாகத் தெரிந்த ரப்பர் மேல் தகட்டிலிருந்து வாழைப்பழத் தோல் உரிவது போலச் சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. உள்ளே எண்ணெய் ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தது. எடை அழுத்திக்கொண்டிருந்ததால்தான் அதுவரை ஒட்டியது போலத் தெரிந்திருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1965 முதல் 1970 வரையிலான ஏறத்தாழ 67 லட்சம் செவர்லே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இன்ஜின் மவுண்டின் ரப்பர் தகட்டிலிருந்து பிரிந்தது. பிரிந்தால் இன்ஜின் முறுக்கத்தில் எழும்பி ஆக்ஸிலரேட்டர் இணைப்பையே இழுத்துவிடக்கூடும். இன்ஜின் எழும்பாமல் தடுக்க ஓர் இரும்பு வடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு இன்ஜின் மவுண்டுகளும் கியர்பாக்ஸ் மவுண்டும் ஆக மூன்றும் ஒரே குடும்பம், ஒன்று பழுதானால் மற்றவற்றின் மீது சுமை ஏறும். ஆகவே மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கெட்டியான பாலியூரித்தேன் அல்லது முழு இரும்பு மவுண்ட் வேண்டுமா என்று கேட்பீர்கள். சாலையில் ஓட்டும் பழைய காருக்கு ரப்பரே போதும் என்பது என் முடிவு. மூன்றையும் இரும்பாக்கினால் சேஸிஸின் முறுக்கம் நேராக அலுமினிய உறைக்குப் போகும், அது விரிசல் விடலாம்.

போக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் இன்ஜின் தனியாக எதன் மீதும் உட்காரவில்லை, கியர்பாக்ஸில் தொங்குகிறது. கியர்பாக்ஸின் மவுண்டுகள்தான் இரண்டையும் சுமக்கின்றன. அதனால் அங்கே மவுண்ட் தளர்ந்தால் விளைவு சீக்கிரம் தெரியும். அந்த நிறுவனத்தின் பாக எண்கள் படிக்க எளியவை: முதல் மூன்று இலக்கம் எந்த வகை வண்டிக்காக முதலில் செய்தது என்பதைக் காட்டும், அடுத்த மூன்றின் தொடக்கம் 3 என்றால் கியர்பாக்ஸ் பிரிவு, கடைசியில் வரும் எழுத்து திருத்தத்தைக் குறிக்கும். எண் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மாறியிருந்தால் என்ன மாறியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகி விட்டுவிடுங்கள். ஜாக்கியை இறக்கி, முழு எடையும் மவுண்டுகளின் மீது அமர்ந்த பிறகு முடுக்குங்கள். முன்பே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புதியதும் சீக்கிரம் கிழியும்.

கழற்றும்போது கியர்பாக்ஸிலோ இன்ஜினிலோ இருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் கம்பி ஒன்று இருந்திருக்கும். அதை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த எர்த் கம்பி இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாக வழி தேடும். ஸ்டார்ட் செய்தவுடன் கிளட்ச் கேபிள் சுட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.