சட்ட ஆணையம் சொன்னால் சட்டம் மாறிவிடுமா?

கேள்வி: என் மகள் ஆசிரியை. கணவரை இழந்தவள், குழந்தை இல்லை. தன் சம்பளத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். “உங்கள் மகளுக்குப் பிறகு பெற்றோருக்கும் பங்கு உண்டு என்று சட்ட ஆணையமே சொல்லிவிட்டது, இருபதாயிரம் கொடுங்கள், பட்டாவில் இப்போதே உங்கள் பெயரைச் சேர்த்துவிடலாம்” என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் இவர்கள் பணம் பிடுங்குகிறார்கள்.

பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து புகுந்த வீட்டோடு பிறந்த வீட்டுக்கும் சேரட்டும் என்று நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலான இந்திய சட்ட ஆணையம் 2008-இல் தன் 207-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரைத்ததோடு சரி. ஆணையம் ஒரு சட்டத்தை ஆராயும், கருத்துக் கேட்கும், அறிக்கையை மத்திய சட்ட அமைச்சகத்திடம் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் அரசிதழில் வந்தால்தான் சட்டம். மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை கேட்ட 174-ஆவது அறிக்கை 2000-இல் வந்தது. நாடு முழுவதும் சட்டம் திருந்தியது 2005-இல். 207-ஆவது அறிக்கையோ கிடப்பில் கிடக்கிறது. 2018 ஆகஸ்டுக்குப் பிறகு 2022 நவம்பர் வரை, நான்கு ஆண்டுகளுக்கு மேல், ஆணையத்துக்குத் தலைவரே இருக்கவில்லை. அப்போது யாரைப் போய்க் கேட்பது?

இன்றைக்கும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆவது பிரிவுதான். கணவரின் வாரிசுகள் முதலில். அவர்கள் யாருமே இல்லையென்றால்தான் பெற்றோர். அவளே சம்பாதித்ததானாலும் அப்படித்தான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாவிட்டால், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ‘வாரிசாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த நிலம் வாரிசாக வந்தது ஆகாது. தானப் பத்திரமும் ஆகாது. நீங்கள் உயிலில் எழுதிவைத்ததும் ஆகாது. மூன்றுமே கணவர் வீட்டுக்குத்தான் போகும். “நான் கொடுத்த நிலம்தானே அம்மா” என்று என் அலுவலகத்தில் அழுத தகப்பன்மார் பலர்.

மகள் உயில் எழுதட்டும். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவள் கையெழுத்திடுவதைப் பார்த்த இருவர் அவள் முன்னிலையிலேயே சாட்சிக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளே நேரில் போகட்டும், தரகர் இல்லாமல்.