தானியங்கி நிறுவலில் பெயர் கிடைக்காவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி (பாயான் லெப்பாஸ்): ஐயா, பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்தே கணினியைத் தொடக்கும் முறை) வழியாகச் சர்வர்களில் லினக்ஸ் நிறுவுகிறோம். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இறங்கிவிடுகிறது, கிக்ஸ்டார்ட் கோப்பை (நிறுவலுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்த கோப்பு) எடுக்கும் இடத்தில் ஹோஸ்ட் பெயர் தெரியவில்லை என்று நின்றுவிடுகிறது. கோப்பின் நெட்வொர்க் வரியில் டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சர்வர்) முகவரி சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: வரி சரியாகவே இருக்கலாம்; ஆனால் அந்த வரி உள்ள கோப்பே இன்னும் வந்து சேரவில்லையே! டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாகக் கெர்னல் இறங்குவதற்குப் பெரும்பாலும் ஐபி முகவரியே போதும் என்பதால், டிஎன்எஸ் கோளாறு அதுவரை வெளியே தெரிவதில்லை. கிக்ஸ்டார்ட் கோப்பைத் தேடும்போதுதான் முதன்முதலாகப் பெயர் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் நிறுவிக்குத் தெரிந்தவை டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகத் தரும் சேவை) தந்த விவரமும் பூட் வரியில் (கெர்னலைத் தொடக்கும் கட்டளை வரி) நீங்கள் எழுதியதும் மட்டுமே. பூட் வரியில் நிலையான ஐபியைக் கொடுத்தவர்கள் 'நேம்சர்வர்' அளவுருவையும் அங்கேயே கொடுக்க வேண்டும். டிஎச்சிபி என்றால் 6ஆம் ஆப்ஷனில் டிஎன்எஸ் முகவரி போகிறதா என்றும், கோப்பின் முகவரியில் சுருக்கப் பெயரை எழுதியிருந்தால் 15ஆம் ஆப்ஷனில் டொமைன் போகிறதா என்றும் பாருங்கள். டிராகட் ஷெல் (தொடக்கம் தடைப்படும்போது வரும் கட்டளைத் திரை) கிடைத்தால், ஊகிப்பதை விட்டுவிட்டு, எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்து பார்ப்பதே விரைவான வழி.

கேள்வி (பட்டர்வொர்த்): டெபியன் லினக்ஸில் கிக்ஸ்டார்ட் போலப் பயன்படும் பிரிசீடுக்கும் இதுதானா?

பதில்: இதேதான். நெட்வொர்க்கிலிருந்து பிரிசீட் எடுப்பவர்கள் நெட்வொர்க் விடைகளைப் பூட் வரியிலேயே தர வேண்டும். ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்தினால் ஷெல், எஃப்4 என்றால் பதிவேடு.

கேள்வி (செந்தூல்): நிறுவல் முழுவதும் ஓடுகிறது, கிக்ஸ்டார்ட்டில் நிறுவல் முடிந்தபின் ஓடும் 'போஸ்ட்' பகுதியில் மட்டும் பெயர்கள் கிடைப்பதில்லை.

பதில்: அந்தப் பகுதி புதிய சிஸ்டத்துக்குள் 'சிஎச்ரூட்' செய்து (அதையே மூல அடைவாகக் கொண்டு) ஓடுகிறது, நிறுவியிடம் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' அதற்குத் தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. டிஎச்சிபி பயன்படுத்தினால் அந்த நேரத்தில் அக்கோப்பு முழுமையாகியிருக்காது என்றும், ஆகவே பெயருக்குப் பதில் ஐபியை எழுத வேண்டும் என்றும் ரெட் ஹாட் கையேடே சொல்கிறது. 'நோசிஎச்ரூட்' பகுதி (நிறுவியின் சூழலிலேயே ஓடுவது) ஒன்றில் கோப்பை நகலெடுத்தும் சமாளிக்கலாம். ஆனால் நீண்ட வேலைகளை முதல் பூட்டுக்குத் தள்ளிவிடுவதே என் விருப்பம்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): பாதுகாப்புக்காகக் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐயும் சேர்த்துவிடலாமா, ஐயா?

பதில்: உள் சர்வர்களின் பெயர்களை அது அறியாது. முதல் டிஎன்எஸ் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொல்லிவிட்டால் ரிசால்வர் (பெயரைத் தேடும் நிரல்) அடுத்ததிடம் கேட்காது. பதிலே வராவிட்டால், வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, அடுத்ததை நாடும். ஆகவே பொது டிஎன்எஸ் முதலில் நின்றால் நிறுவல் அங்கேயே முடிந்தது. மேலும் 2024 செப்டம்பரில், பொது டிஎன்எஸ் கேள்விகளைத் தம் சர்வர்களுக்கே திருப்புமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இட்ட உத்தரவு, எதிர்ப்புக்குப் பிறகே நிறுத்தப்பட்டது. நிறுவல் வலையில் உங்கள் சொந்த டிஎன்எஸ் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பங்சார்): சில ரேக்குகளில் மட்டும் இந்தப் பிழை வருகிறது.

பதில்: முதலில் அங்கே ஐபி கிடைத்ததா என்று பாருங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீ (வலையில் சுழற்சி ஏற்படாமல் தடுப்பது) முறையில் சுவிட்ச் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். அதற்குள் டிஎச்சிபி முயற்சி ஓய்ந்துவிட்டால், திரையில் தெரிவது பெயர்ப் பிழையாகவே இருக்கும். சர்வர் போர்ட்டுகளில், போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போடச் சொல்லுங்கள்.