பார்க்கத் தமிழ், கேட்க எம்.கே.

பார்வையில்லாத மாணவி ஒருவருக்கு வரலாற்றுக் குறிப்புகளை டைப் செய்து அனுப்பினேன். அவருடைய கம்ப்யூட்டர் ஏதோ ஆங்கில எழுத்துகளை வாசிக்கிறதாம். என்ன பிழை?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

கம்ப்யூட்டரில் பிழை இல்லை, டீச்சர். நீங்கள் பாமினியில் அடித்திருப்பீர்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்பு போட்டுவிட்ட எழுத்துரு. உங்கள் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் உடுப்பைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். எனக்கும் பார்வை இல்லை. ஒரு அலுவலகம் பாமினியில் அனுப்பிய படிவத்தை அரை மணித்தியாலம் கேட்டிருக்கிறேன், பேயோட்டுகிற மந்திரம் மாதிரி இருந்தது.

பாமினியை யூனிகோடாக, அதாவது உள்ளேயும் தமிழாகவே கிடக்கும் எழுத்து முறையாக, மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றியபின் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம், அது வெறும் படம். வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் ‘ஹெடிங்’ ஸ்டைலில் வையுங்கள். அப்போதுதான் மாணவி தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். திரைவாசிப்பானுக்குக் காசு தேவையில்லை. என்விடிஏ இலவசம், தமிழும் பேசும். 2006இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கல் கரனும் பார்வையற்றவர்தான்.

எங்கள் கடை ஆப்பில், ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டோக்பேக் எதைத் தொட்டாலும் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்கிறது.
– கல்முனை

படம் போட்டீர்கள், பெயர் வைக்கவில்லை. ஒவ்வொரு ஐகனுக்கும் விவரணை எழுதுங்கள், தம்பி: ‘கூடையில் சேர்’, அவ்வளவுதான். ‘கூடையில் சேர்க்கும் பொத்தான்’ என்று எழுதினால் டோக்பேக் தன் பங்குக்கு இன்னொரு ‘பொத்தான்’ சேர்க்கும். தொடும் இடம் 48 டிபிக்குக் (ஆண்ட்ராய்டில் திரை அளவைச் சொல்லும் அலகு) குறையக்கூடாது. பிறகு திரையை அணைத்துவிட்டு ஒரு கிலோ சீனி வாங்கிப் பாருங்கள்.

வாப்பாவுக்கு குளுக்கோமா. கொஞ்சம் தெரியும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்?
– அக்கரைப்பற்று

ஆகப் பெரிதாக்கிவிடாதீர்கள், மகள். குளுக்கோமாவில் பெரும்பாலும் பக்கப்பார்வைதான் முதலில் சுருங்கும். குழாய்க்குள்ளால் பார்க்கிறவருக்கு எழுத்து பெருக்கப் பெருக்க ஒரு சொல்கூட முழுதாக அகப்படாது. அவருக்கு அதைவிட முக்கியம் நிறவேறுபாடு. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து, நம் கடற்கரை வெயிலில் எனக்கும் அவருக்கும் ஒன்றுதான். கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு இரண்டையும் காட்டி அவரையே தெரிவுசெய்ய விடுங்கள். சொட்டு மருந்தை நேரம் தவறவிட வேண்டாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் ஆப்பைச் சோதித்தால் போதுமா?
– மாணவர், வந்தாறுமூலை

போதாது. கண்ணைக் கட்டினால் உங்கள் தடுமாற்றம்தான் தெரியும். என் போன் பேசுகிற வேகத்தில் என் மனைவிக்கு ஒரு சொல்லும் விளங்காது, எனக்கு அதுவும் மெதுவு. தினமும் பாவிக்கிற இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். பஸ் காசோடு கூலியும் கொடுங்கள்.