காசிமேட்டில் எடுத்த பேட்டிகள் ஆதாரப் பட்டியலில் வருமா?

வராது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உங்கள் ஆய்வுக் கட்டுரைக்காக நீங்களே எடுத்த பேட்டிகளை, ஏபிஏ (APA) என்ற ஆதாரம் காட்டும் நடையின் 7-ஆம் பதிப்பின்படி கடைசிப் பக்கப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாசகர் தேடிப் பார்க்கக் கூடியவைதான் அங்கே இடம்பெறும். உங்கள் போனில் இருக்கும் ஒலிப்பதிவை யார் போய்க் கேட்க முடியும்?

உங்கள் கைடு (ஆய்வு வழிகாட்டி) பேட்டி வரும் இடங்களில் "ஆதாரம் எங்கே?" என்று சுழித்தது, அநேகமாகக் கட்டுரைக்குள்ளும் நீங்கள் எதுவும் குறிக்காததால் இருக்கும். இரண்டு வகையாகப் பிரியுங்கள்:

1. மீன் விற்கும் அம்மாக்களும் படகுக்குப் போகிறவர்களும் உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள். அவர்கள் பேச்சு உங்கள் தரவு. "பங்கேற்பாளர் 3, மீன் விற்பவர்" என்று போட்டால் போதும். பெயர் வேண்டவே வேண்டாம். கடன், வட்டி பற்றியெல்லாம் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

2. தகவல் மட்டும் தந்த அதிகாரி என்றால், வரி முடிவில் அடைப்புக்குறிக்குள் இனிஷியலோடு பெயர், 'தனிப்பட்ட தொடர்பு', தேதி.

அப்புறம் ஒரு சோதனை. கன்ட்ரோல் எஃப் அழுத்தி, திறக்கும் அடைப்புக்குறி ஒவ்வொன்றையும் தேடுங்கள். இந்தத் தனிப்பட்ட தொடர்புகளைத் தவிர, உள்ளே காட்டிய எல்லா ஆதாரமும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பதெல்லாம் உள்ளேயும் வந்திருக்க வேண்டும்.

உங்கள் துறை எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு ஆதார நடையைக் கேட்டால் கதையே வேறு; அதில் நீங்கள் எடுத்த பேட்டியும் பட்டியலில் வரும். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.