ஹார்ப்சிகார்ட் இல்லாமல் பரோக் பாடலாமா?

கேள்வி: நான் சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்). என் தோழி செல்லோ வாசிக்கிறாள். இருவரும் சேர்ந்து அரை மணி நேர பரோக் (17-18-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) நிகழ்ச்சி ஒன்று தர ஆசை. ஹார்ப்சிகார்டும் (தந்தியைச் சுண்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு வாத்தியம்) இல்லை, வாசிக்க ஆளும் இல்லை. குரலும் செல்லோவும் மட்டும் போதுமா? எந்தப் பாடல்களை எடுக்கலாம்? ஒத்திகையைக் கேட்டவர்கள் செல்லோ என் குரலை அமுக்குகிறது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போதும், ஆனால் எல்லாப் பாட்டுக்கும் போதாது. எதற்குப் போதும் என்பதை உங்கள் வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோழியின் வரியைப் பாருங்கள்.

அந்தக் காலத் தனிப்பாடல்களில் ஏராளமானவற்றுக்கு எழுதி வைத்திருப்பது இரண்டே வரிதான்: மேலே குரல், கீழே பாஸ் எனும் அடிச்சுர வரி. பாஸ் சுரங்களோடு சின்னச் சின்ன எண்கள் இருக்கும். அவற்றைப் பார்த்து ஹார்ப்சிகார்ட், ஆர்கன் அல்லது தியோர்போ (நீண்ட கழுத்துள்ள லூட் வகை) வாசிப்பவர் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) அங்கேயே நிரப்பிக்கொள்வார். செல்லோ பாஸ் வரியை வாசிக்கும். பாஸோ கன்டினுவோ என்பது இதுதான். சரி, கீபோர்டு கட்டாயமா? 1700-ல் ரோமில் வெளிவந்த கொரெல்லியின் ஐந்தாம் தொகுதி வயலின் சொனாட்டாக்களின் முகப்பைப் பாருங்கள்: வயலினுக்குத் துணையாக 'வயலோனே அல்லது ஹார்ப்சிகார்ட்' என்று இருக்கிறது. செல்லோ இனத்து பாஸ் வாத்தியம் ஒன்றே போதும் என்று அவரே வழிவிடுகிறார். பாட்டுக்கும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

முதலில் எடுக்க வேண்டியது ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் 'மியூசிக் ஃபார் எ வைல்'. 1692-ல் 'ஈடிபஸ்' நாடகத்துக்காக எழுதியது. மூன்று பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு பாஸ் வரி திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் வேறு சுருதிகளுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறது. அந்த வரி கீழும் மேலுமாகத் தாவித் தாவி, அரை அரை சுரமாக ஏறுகிறது. அதனால் ஒரே செல்லோ இரண்டு வரி வாசிப்பதுபோல் காதில் விழும். கார்டுகள் அதற்குள்ளேயே இருப்பதால் ஹார்ப்சிகார்ட் இல்லாத குறை தெரியாது. மாறாக, அவருடைய 'டைடோ' ஓபராவின் புலம்பலை எடுக்க ஆசைப்படாதீர்கள். அதிலும் திரும்பத் திரும்ப வரும் பாஸ்தான், ஆனால் அங்கே பாதி அழுகையை அழுவது மேலே இருக்கும் வயலின்களும் வயோலாவும். அவை இல்லாமல் பாடினால் எலும்புதான் மிஞ்சும்.

அடுத்தது பாக். செல்லோவும் சொப்ரானோவும் என்றதும் எல்லோரும் சொல்வது 68-ம் கேண்டாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட பாடல் படைப்பு) 'மைன் கிளாய்பிகஸ் ஹெர்ட்சே' ஏரியா (தனிப்பாடல்), 1725. அதில் துள்ளுவது செல்லோ பிக்கோலோ என்ற சிறிய செல்லோ. அதற்குக் கீழே தனியாக ஒரு பாஸ் வரி உண்டு. ஒற்றை செல்லோவால் இரண்டையும் வாசிக்க முடியாது. ஆனால் அந்தத் துள்ளல் பாக் முன்பே எழுதியதுதான். 1713-ல் வைசென்ஃபெல்ஸ் கோமகனின் பிறந்தநாளுக்கு எழுதிய வேட்டை கேண்டாட்டாவில், 208-ம் எண்ணில், பாலெஸ் என்ற பாத்திரம் பாடும் 'வைல் டீ வோலன்ரைஷன் ஹெர்டன்' ஏரியாவில் அதுவே கன்டினுவோ வரியாக இருக்கிறது. குரலும் பாஸும் மட்டும். உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

ஹாண்டெலின் 1739 செசிலியா திருநாள் பாட்டில் வரும் 'வாட் பேஷன்' ஏரியா செல்லோவுக்கே உரிய அழகு. கீபோர்டு கிடைக்கும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சிக்கலான இடம்: ரெசிடேடிவ், அதாவது பேசுவதுபோலப் பாடும் பகுதி. அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி மட்டுமே அறுநூறுக்கு மேல் கேண்டாட்டா எழுதியிருக்கிறார். பெரும்பாலானவை சொப்ரானோவும் கன்டினுவோவும்தான். ஏரியாக்கள் இருவருக்கும் நன்றாகவே அமையும். நடுவில் வரும் ரெசிடேடிவில் செல்லோ ஒற்றைச் சுரத்தை நீட்டிக்கொண்டிருக்க, நீங்கள் அந்தரத்தில் நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு செல்லோக்காரர்கள் இதற்குக் கார்டு வாசித்தார்கள். பவும்கார்ட்னர் 1774-ல் வெளியிட்ட செல்லோ பாடநூலிலேயே அது பாடமாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் ஓபராவில்கூட லிண்ட்லி என்ற செல்லோக்காரர் அதைச் செய்துகொண்டிருந்தார். தோழி எண்களைப் பார்த்துக் கார்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். அச்சிலுள்ள பாஸ் சுரம்தான் அடியில் இருக்க வேண்டும். மேலே இரண்டு சுரம் போதும். நீங்கள் பாடப்போகும் சுரத்தை அவர் முந்திக்கொண்டு வாசிக்க வேண்டாம். சட்டென்று தொட்டுவிட்டு வில்லை எடுத்துவிடலாம். பாக் 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பின் ரெசிடேடிவ்களுக்குத் தன் ஸ்கோரில் நீள சுரங்களை எழுதிவிட்டு, வாசிப்பவர் கையில் கொடுத்த தாள்களில் குட்டைச் சுரங்களாகத்தான் தந்தார்.

குரலை அமுக்குவது பற்றி. ஒலி அளவைக் குறைக்கச் சொன்னால் தோழி மங்கலாக வாசிப்பார், உங்களுக்கும் பிடிப்பு போய்விடும். சுரத்தின் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பரோக் வில் நுனியில் இலேசானது, சுரம் தானாகவே தேயும். இன்றைய வில்லாக இருந்தால் கையை அடிக்கட்டையிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடித்தாலே பாதி வேலை முடியும். வைப்ராட்டோவை (சுரத்தை நடுங்கவிடுவதை) குறைக்கட்டும். அப்புறம், மேடை உள்ளே வெற்றிடமான மரப்பலகை என்றால் செல்லோவின் ஊன்றுகம்பி வழியே மேடையும் சேர்ந்து முழங்கும். ஊன்றுகம்பிக்கு அடியில் தடித்த கம்பளத்துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சுருதி 415-ஆ 440-ஆ (A சுரத்தின் அதிர்வெண், ஹெர்ட்ஸில்)? செல்லோவில் உலோகத் தந்திகள் என்றால் 440-லேயே இருங்கள்; அரை சுரம் இறக்கினால் தந்தி தளர்ந்து ஒலி சோம்பிவிடும். குடல் தந்தி என்றால் 415 உங்கள் மேல் சுரங்களுக்கும் ஆறுதல். ஆனால் நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன்பே இறக்கி வையுங்கள், தந்தி அமைய நேரம் வேண்டும். கீபோர்டு இல்லாததில் ஒரு லாபமும் உண்டு: மேஜர் மூன்றாம் சுரத்தைப் பியானோவில் இருப்பதைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்த்தி, சுத்தமாகப் பாடலாம். அதற்குத் தோழி ஒத்துழைக்க வேண்டும். நான்கு தந்திகளையும் முழுச் சுத்தமான ஐந்தாம் இடைவெளியில் கட்டினால், அடித்தந்தி உங்கள் மூன்றாம் சுரத்துக்குப் பொருந்தாமல் தாழ்ந்து நிற்கும். கீழ் இரண்டு தந்திகளையும் ஒரு மயிரிழை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

ஒத்திகையில் ஒரு வேலை செய்யுங்கள்: பாஸ் வரியை நீங்கள் பாடுங்கள், உங்கள் மெட்டை அவர் வாசிக்கட்டும். மூச்சு எடுக்கும் இடங்களை அவருடைய தாளிலும் பென்சிலால் குறித்துவிடுங்கள்.