கடைசி பெக்கிலிருந்து எத்தனை மணி நேரம்?

மது அருந்தியவர் எவ்வளவு நேரம் கழித்து வாகனம் ஓட்டலாம் என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் எடை 70 கிலோ. எப்போதாவது நண்பர்களுடன் சேர்ந்தால் மூன்று பெக் விஸ்கி குடிப்பேன். ‘ஒரு பெக்குக்கு ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் கழித்துத் தாராளமாக வண்டியை எடுக்கலாம்’ என்கிறார் என் மைத்துனர். அது சரியா?

பதில்: குடித்த அளவைப் பொறுத்தே காத்திருக்கும் நேரமும் நீள வேண்டும் என்ற வரையில் உங்கள் மைத்துனர் சொல்வது சரி. ஆனால் அவர் சொல்லும் ஒரு மணி நேரம் எந்த அளவுக்கு உரியது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் ஒரு நிலையான அளவு என்பது 10 கிராம். அமெரிக்காவில் 14 கிராம். நீங்கள் ஊற்றிக்கொள்ளும் 60 மில்லி பெக்கில், 40 சதவீத விஸ்கி என்றால், ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது, பிரிட்டன் கணக்கில் அது இரண்டு யூனிட்டுக்கும் மேல். சிறிய அளவை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட விதியைப் பெரிய பெக்குக்குப் பொருத்தினால் காத்திருக்க வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்துவிடும்.

உங்கள் மூன்று பெக்கையே கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் எரிக் விட்மார்க் 1932-இல் நூலாக வெளியிட்ட கணக்குமுறையே இன்றும் இதற்கு அடிப்படை. குடித்த ஆல்கஹாலின் எடையை, உடல் எடையில் அது பரவக்கூடிய பங்கால் வகுக்க வேண்டும். அந்தப் பங்கு ஆண்களுக்குச் சராசரியாக 0.68. மூன்று பெக்கில் 57 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 120 மில்லிகிராம் என்று வருகிறது. சராசரி மனிதரின் உடல் இதில் மணிக்கு 15 மில்லிகிராமைத்தான் குறைக்கும். குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணினால் ரத்தம் முழுவதும் தெளிய எட்டு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரத்தில் வண்டியை எடுத்தால் 75 மில்லிகிராமுடன் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

அந்த எட்டு மணி நேரமும் சராசரிக் கணக்குதான். சிலருக்கு இந்த வேகம் மணிக்கு 10 மில்லிகிராம் அளவுக்கே இருக்கும். அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். வேறு சிலருக்கு, குறிப்பாக அடிக்கடி குடிப்பவர்களுக்கு, 20-ஐயும் தாண்டும். நீங்கள் எந்த வகை என்பதை ஆய்வகத்தில் அளந்து பார்க்காமல் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே, மெதுவான உடல் என்று வைத்துக்கொண்டு, அதுவும் கடைசி பெக்கை முடித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குவதே அறிவுடைமை. உங்கள் மூன்று பெக்குக்கு என் பதில்: பன்னிரண்டு மணி நேரம். அன்றிரவு வண்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் கணவரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே அளவு வைன் குடிக்கிறோம். அவர் காத்திருக்கும் அதே நேரம் எனக்கும் போதுமா?

பதில்: போதாது. ஆல்கஹால் உடலின் நீர்ப்பகுதியில் பரவுகிறது. கொழுப்பில் அவ்வளவாகக் கரைவதில்லை. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், மேலே சொன்ன கணக்கில் 0.68-க்குப் பதிலாக 0.55 என்ற எண்ணையே பயன்படுத்துகிறோம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதே 57 கிராம் ஆல்கஹாலை அருந்தினால் அளவு 120 அல்ல, 190-ஐ நெருங்கும். சராசரி வேகத்திலேயே அது தெளியப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ‘அவர் தெளிவாகத்தானே இருக்கிறார், நானும் அப்படித்தான் இருப்பேன்’ என்ற ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். நீங்கள் எத்தனை கிளாஸ் குடித்தீர்கள் என்பதைவிட அந்தக் கிளாஸ் எவ்வளவு கொள்ளும் என்பதையும் ஒரு முறை அளந்து பாருங்கள். 12 சதவீத வைன் 150 மில்லியில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வீட்டில் கை போன போக்கில் ஊற்றும் கிளாஸ் பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

கேள்வி: நான் பீர் மட்டும்தான் குடிப்பேன். அதற்கும் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமா?

பதில்: 5 சதவீத பீர் 500 மில்லியில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி விஸ்கியில் இருப்பது 19 கிராம். ‘ஸ்ட்ராங்’ என்று விற்கப்படும் 8 சதவீத பீர் என்றால் அதே 500 மில்லியில் 32 கிராம் வரும். பீர் குடித்த யாரும் அதை ஒன்றரை பெக்குக்கு மேல் என்று எண்ணிக்கொள்வதில்லை. கல்லீரலோ போத்தலின் பெயரைப் பார்ப்பதில்லை.

கேள்வி: வீட்டுக்கு வரும் நண்பர்களைக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, முகம் கழுவச் சொல்லி, கடுங்காபி கொடுத்துத்தான் அனுப்புகிறேன். சிலர் வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இவற்றில் எது பலன் தரும்?

பதில்: எதுவும் தராது. உடலுக்குள் போன ஆல்கஹாலில் 90 சதவீதத்துக்கும் மேலானதைக் கல்லீரல்தான் சிதைக்கிறது. மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக அப்படியே வெளியேறுவது மிகச் சிறு பங்கு. அதைச் சிதைக்கும் நொதி, கொஞ்சம் ஆல்கஹால் வந்தாலே தன் முழு வேகத்தை எட்டிவிடுகிறது. ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கும் டிக்கெட் கவுன்டர்போல, வரிசை எவ்வளவு நீண்டாலும் டிக்கெட் கொடுக்கும் வேகம் கூடாது. காபியோ, குளிர்ந்த நீரோ, வேகமான நடையோ அந்தச் சன்னலுக்கு அருகில்கூடப் போவதில்லை. வாந்தி எடுத்தால் இரைப்பையில் இன்னும் எஞ்சியிருப்பது வெளியேறலாம். சிறுகுடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டது திரும்பி வராது.

காபியைப் பற்றி எனக்குத் தனியே ஒரு மனக்குறை உண்டு. அது தூக்கத்தைக் கலைக்கிறது, போதையைக் கலைப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் ‘வேண்டாம், இங்கேயே படுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்கக்கூடியவரை, விழிப்போடு இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் சாவியைத் தேட வைப்பது அந்தக் காபிதான். சாப்பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிப்பதற்கு முன்போ குடிக்கும்போதோ சாப்பிட்டால் ஆல்கஹால் மெதுவாக ரத்தத்தில் ஏறும். உச்ச அளவும் குறையும். குடித்து முடித்த பிறகு சாப்பிடுவதால் அந்தப் பலன் பெரிதாகக் கிடைப்பதில்லை. மேலும், கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். நீங்கள் உட்கார வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் நண்பருக்குப் போதை இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டிருக்கவும் கூடும். உட்கார வைத்ததோடு நிறுத்தாமல் படுக்கையும் போட்டுக் கொடுங்கள்; இல்லையேல் வாடகைக் காரை அழைத்து அனுப்புங்கள்.

கேள்வி: இரவு குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தால் காலையில் வேலைக்கு வண்டி ஓட்டிச் செல்வதில் என்ன பிரச்சினை இருக்க முடியும்?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் இரவில் பொறுப்போடு வண்டியை விட்டுவிட்டு வந்தவர்களே காலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு 8 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஐந்து பெக், அதாவது 300 மில்லி விஸ்கி குடித்த 70 கிலோ ஆணை எடுத்துக்கொள்வோம். அவர் உட்கொண்டது 95 கிராம் ஆல்கஹால். கணக்குப்படி 100 மில்லி ரத்தத்துக்கு 200 மில்லிகிராம். ஒரு மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, ஏழு மணிக்கு வண்டியை எடுக்கிறார். தொடங்கியதிலிருந்து பதினொரு மணி நேரம் ஆகிவிட்டது, 165 மில்லிகிராம் குறைந்திருக்கும், 35 மிச்சமிருக்கும். இந்தியச் சட்டத்தின் வரம்பு 30. சராசரி மனிதருக்கே இப்படி என்றால், மணிக்கு 10 மில்லிகிராம் மட்டும் குறையும் உடலில் ஏழு மணிக்கு 90 இருக்கும். இங்கிலாந்தின் தாராளமான வரம்பான 80-ஐக்கூட அது தாண்டிவிடுகிறது.

தூக்கம் கல்லீரலை வேகப்படுத்துவதில்லை. தூங்கி எழுந்ததும் மூச்சில் வாடை குறைந்திருக்கலாம், நடை சீராக இருக்கலாம். அவை அளவுகோல் ஆகா. போதாக்குறைக்கு, ஆல்கஹால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரத்தத்தில் சுழியம் ஆன பிறகும் தலைவலி, நீரிழப்பு, தூக்கக் கடன் ஆகியவற்றால் கவனம் தடுமாறும் நிலை சில மணி நேரம் நீடிக்கும். அப்படி ஓர் இரவு கழிந்தால், மறுநாள் பகல் வரை வேறு யாராவது ஓட்டட்டும்.

கேள்வி: ஊதிப் பார்க்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கியிருக்கிறேன். வரம்புக்குக் கீழே காட்டினால் ஓட்டலாம் அல்லவா?

பதில்: இரண்டு காரணங்களால் அதை நம்பி வண்டியை எடுக்க வேண்டாம். முதலாவது, கருவி பற்றியது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சுக்கும் ரத்தத்துக்கும் இடையே ஆல்கஹால் அளவில் 1:2100 என்ற சராசரி விகிதம் இருப்பதாகக் கொண்டே பல கருவிகள் கணக்கிடுகின்றன. குடித்த சில நிமிடங்களுக்குள் ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் மதுவையும் சேர்த்து அதிகமாகக் காட்டும். அதனால்தான் முறையான பரிசோதனையில் 15 நிமிடமாவது காத்திருக்கச் செய்கிறார்கள். விலை குறைந்த கருவிகளின் உணரிகள் வேறு வாயுக்களுக்கும் எதிர்வினை காட்டும்; காலப்போக்கில் அளவு பிசகும். அதைவிட முக்கியமாக, இப்போது 25 என்று காட்டுவது ஏறிக்கொண்டிருக்கும் 25 ஆகவும் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்து, நீங்கள் நடுச்சாலையில் இருக்கும்போது, அது 40 ஆகியிருக்கும்.

இரண்டாவது, வரம்பு பற்றியது. 1936-இல் நார்வே ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பாக 50 மில்லிகிராமை நிர்ணயித்தது. இன்று அங்கே வரம்பு 20. ஸ்வீடனிலும் 20, ஜெர்மனியில் பொதுவாக 50, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50, அமெரிக்க மாநிலங்களில் யூட்டாவைத் தவிர மற்றவற்றில் 80. எல்லையைக் கடக்கும்போது ஓட்டுநரின் மூளை மாறிவிடுவதில்லை. தண்டனை எங்கே தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு அரசும் எடுத்த முடிவுதான் மாறுகிறது. நகரும் பொருளைக் கண்ணால் தொடர்வதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பதும் 20 மில்லிகிராமிலேயே குறையத் தொடங்குகின்றன. 50-இல் ஸ்டியரிங்கைக் கையாள்வது கடினமாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதமானால் அதற்குள் எட்டு மீட்டர் போயிருக்கும். இப்படி ஊதிப் பார்க்கும் பரிசோதனைக் கருவியை 1954-இல் உருவாக்கிய அமெரிக்கரான ராபர்ட் போர்கன்ஸ்டைன்தான், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காதவர்களையும் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஒப்பிட்டு ஆராய்ந்து, அளவு கூடக்கூட விபத்து ஆபத்து செங்குத்தாக ஏறுவதை 1964-இல் காட்டினார்.

உங்கள் கருவிக்கு ஒரு பயன் உண்டு. இரவு குடித்தவர் மறுநாள் காலையில் ஊதி, அது சுழியத்துக்கு மேல் எதையாவது காட்டினால், வண்டியை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய உதவும். எடுக்கலாம் என்று முடிவு செய்ய அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: சளிக்கும் ஒவ்வாமைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரே ஒரு சிறிய பெக் குடித்தால்?

பதில்: தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், சில வலி நிவாரணிகள் ஆகியவை ஆல்கஹாலுடன் சேர்ந்தால் மந்தத்தைப் பெருக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் 15 என்று இருந்தாலும் நீங்கள் ஓட்டத் தகுதியற்றவராக இருக்கலாம். எந்தக் கருவியும் அந்த மாத்திரையை அளந்து சொல்லாது. மாத்திரை உறையில் தூக்கம் வரும் என்ற எச்சரிக்கை இருந்தால் அந்த நாட்களில் குடிக்காதீர்கள். மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் குறிப்பாகச் சொல்கிறேன்.